உரிமையாளர் பெயர்: கர்த்தர்

1

ஜெயித்துவிட்டோம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு, விசாரணை என்று எழுத வந்தால் முடிவைக் கடைசிவரை மறைத்து வைக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மூன்று நாளாக இந்த டப்ளின் நகரத்தில் பார்க்கிற முகத்திடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ரொட்டிக் கடைக்காரரிடம் சொன்னேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் பாவம், "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டார். இனி மிச்சம் இருப்பது ஊரில் இருக்கிற நீங்கள்தான். உங்களுக்குத்தான் இது முழுசாகப் புரியும்.

இந்த வாரத்தோடு இந்த வேலைக்கு வந்து எனக்குப் பத்து வருஷம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் அம்மா இன்றைக்கும் "வக்கீல்தான், ஆனா கோர்ட்டுக்குப் போக மாட்டா" என்றுதான் சொல்கிறாள். அது உண்மைதான். இணையத்தில் ஒருவர் ஒரு பாட்டைப் போடுகிறார். இன்னொருவர் "அது என்னுடையது, எடு" என்கிறார். எடுக்கச் சொல்கிறவர் பெரும்பாலும் பெரிய கம்பெனி. போட்டவர் பெரும்பாலும் வக்கீல் வைக்க வழியில்லாதவர். அப்படி வழியில்லாதவர்களுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடுகிற ஒரு சின்னக் குழு எங்களுடையது. ஐந்து பேர், இரண்டு அறை, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு ஜன்னல். இங்கே மழை எப்போது பெய்யாது என்று கேளுங்கள்.

2

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே கிருபைபுரம் என் ஊர். அங்கே எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுத் தலைவர் ஆசீர் அண்ணன். பிழைப்புக்கு அரசுப் பேருந்தில் நடத்துநர். அம்பை பாபநாசம் வண்டியில் ஏறியவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். நடு வண்டியில் நின்றுகொண்டு, "டிக்கெட் எடுக்காத ஆளு ஒருத்தர் இருக்காவ, அவியளுக்கே தெரியும்" என்று மட்டும் சொல்வார். அந்த ஆள் தானாகக் கை நீட்டுவார். முப்பது வருஷ சர்வீஸில் எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் அவர் பேரில் ஒரு குறை எழுதியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை அறுப்பார்.

அவர் மகள் பியூலா இங்கே டப்ளினில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஊர்க் கோயில் பாடல்களைப் போட ஒரு காணொளித் தளத்தில் அவள்தான் தன் பேரில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தாள். ஆசீர் அண்ணன் ஊரிலிருந்து பதிவேற்றுவார். கத்தாரிலும் மும்பையிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் வாராவாரம் அதைப் பார்ப்பார்கள். படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. பாடியவர்களில் நாலைந்து பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் குரல் அங்கே மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் எஸ்தரை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே நின்றேன். பியூலா கூப்பிட்டாள்.

"அக்கா, சேனலை மூடப் போறானாம். ஏழு நாள்தான் டைம் குடுத்திருக்கான். நம்ம கோயில் அசனப் பாட்டு வேற ஒரு கம்பெனியோட பாட்டாம், நாம திருடிட்டோமாம். அப்பா ரெண்டு வாரமா கோயில்ல பாட நிக்கல. எனக்கே நேத்துத்தான் தெரியும்."

உடனே ஆசீர் அண்ணனைப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டில் இருந்தார். பின்னால் யாரோ "தென்காசி, தென்காசி" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணே, பாட நிக்க மாட்டேங்கியளாமே?"

"களவாணின்னு எழுத்துமூலமா வந்திருக்கு பிள்ள. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. அப்படிப் பேரு வாங்குனவன் கோயில்ல முன்னால நின்னு பாடலாமா? சபை ஐயரு பாட நில்லுன்னுதான் சொல்லுதாவ. எனக்கு மனசு கேக்கல."

"நீங்க பதில் எழுதலியா?"

"எழுதாம? மூணு தடவையும் எழுதுனேன். உள்ளதத்தான் எழுதுனேன்."

அவர் எழுதிய உள்ளதைப் பியூலா எனக்கு அனுப்பி வைத்தாள். வாசித்துவிட்டு நீச்சல்குளத்து வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

ஆட்சேபப் படிவத்தில் மூன்று வாய்ப்புகள் இருந்தன. நானே உரிமையாளர். உரிமையாளரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். தவறாகப் பதிவேற்றிவிட்டேன். ஆசீர் அண்ணன் இரண்டாவதைத் தொட்டிருந்தார். அதன் கீழே இப்படி நிரப்பியிருந்தார்.

உரிமையாளர் பெயர்: கர்த்தர்.
அனுமதி பெற்ற நாள்: அண்ணன் ஞானஸ்நானம் எடுத்த தேதி.
உரிமையாளரைத் தொடர்பு கொள்ளும் முகவரி: எங்கும் இருக்கிறார்.

கேலி இல்லை. சத்தியமாக நம்பி எழுதியிருக்கிறார். மூன்று தடவையும் அதையே எழுதியிருக்கிறார், மூன்றாம் தடவை பெரிய எழுத்தில். பொய்த் தகவல் கொடுத்ததாக இயந்திரம் தீர்மானித்துவிட்டது. எங்கள் ஊர்க்காரரைத் தவிர உலகத்தில் வேறு எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். பாட்டை "என் பாட்டு" என்று சொல்ல எங்கள் கோயிலில் யாருக்கும் வாய் வராது. சரி, "நானே உரிமையாளர்" என்று தொட்டிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பான். அந்தப் பொய்யைச் சொல்ல அவரால் முடியவில்லை.

3

படிவம் என்றால் எனக்கும் பழைய வயிற்றெரிச்சல் உண்டு. இங்கே வந்த புதிதில் குடியிருப்பு அட்டைக்காக வரிசையில் நின்றபோது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்துதான் இருக்கிறது. காலியாக விட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அன்பாகத்தான் சொன்னார்: "அம்மா, காலியாக விட்டால் கணினி ஏற்காது." அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து எனக்கு வருகிற கடிதமெல்லாம் பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் தூங்குகிற என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறது. பல் மருத்துவமனையில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் எழுந்து போகிறேன்.

இவ்வளவு பட்டவள், ஆசீர் அண்ணன் படிவத்தை மறுபடி பார்த்தபோதுதான் அதைக் கவனித்தேன். "உரிமையாளர் பெயர்" என்பதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு நட்சத்திரக் குறி. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று அர்த்தம். அந்தக் குறியை வைத்தவள் நான்.

பொய்யில்லை. இந்தக் குழுவுக்கு வருவதற்கு முன் நாலு வருஷம் பெரிய சட்ட அலுவலகம் ஒன்றில் இருந்தேன். கம்பெனிகளுக்காக "எடு, எடு" என்று அறிவிப்பு அனுப்புகிற பக்கம். அப்போது இதே தளத்துக்காக இந்தப் படிவத்தின் வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று முதுகில் தட்டினார்கள். சந்தோஷப்பட்டேன். கிருபைபுரத்தில் பிறந்து, வருஷா வருஷம் அசனத்தில் பாடி வளர்ந்தவள், யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு ஒன்று உண்டு என்பதை ஒரு நொடி நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

4

அசனம் தெரியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. அறுப்பு முடிந்த பிறகு கோயிலில் ஊர்ப்பொது விருந்து. வீட்டுக்கு ஒரு படி அரிசி வரும். கத்தரிக்காய், தேங்காய், விறகு, ஆடு, முடிந்தவர் முடிந்ததைக் கொண்டுவருவார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஆற்றுத் தண்ணீரில் பொங்குவார்கள். சாதி, சபை, உள்ளூர், வெளியூர் பார்க்காமல் வந்தவரெல்லாம் சாப்பிடலாம். அண்டாவைச் சுற்றி நின்று பாடுவதுதான் அசனப் பாட்டு. யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாது. எங்கள் ஊரிலேயே பிறந்த பாட்டு என்பது மட்டும் தெரியும். பாட்டுப் புத்தகத்தில்கூட எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்.

அந்தக் கம்பெனி பெருநகரத்தில் ஓர் இசைக் கம்பெனி. பெயர் வேண்டாம். நல்ல பாடகி ஒருவரை வைத்து அதே பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்து, பாட்டும் மெட்டும் தங்கள் இசையமைப்பாளரின் சொந்தப் படைப்பு என்று பதிந்துவிட்டது. அதன் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கிற இயந்திரம் எங்கள் கோயில் காணொளியைக் களவு என்று பிடித்தது. எங்கள் காணொளிதான் இரண்டு வருஷம் மூத்தது. ஆனால் முன்னால் போட்டது யார் என்று இயந்திரம் கேட்கவில்லை. பதிந்தது யார் என்று மட்டும் கேட்டது.

கணக்கு டப்ளினில் பியூலா பேரில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இங்குள்ள தகராறு தீர்வு மன்றத்தில் மனுப் போட்டேன். விசாரணை முடியும்வரை மூடக்கூடாது என்று உத்தரவு வாங்கினேன். ஆனால் சொன்னதை நிரூபிக்க வேண்டுமே? "நாங்களும் தனியாகத்தான் இயற்றினோம், மெட்டு தற்செயலாக ஒத்துப்போகிறது" என்று அவர்கள் சாதித்துவிட்டால்?

கம்பெனிப் பதிவை வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எஸ்தருக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆசீர் அண்ணனிடம் போனைக் கொடுத்தால் "ஹலோ மாமா"வுக்குப் பிறகு வார்த்தை தீர்ந்துவிடும். அசனப் பாட்டை "உன் சோத்துப் பாட்டு" என்பாள். எனக்குக் கோபம் வரும். அன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் இருந்து எரிச்சலோடு கேட்டாள்.

"அம்மா, அந்தப் பாட்டு ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றுபோகிறதே, நம் இணைப்பு கோளாறா?"

"அது நிற்கிற இடம்டி. அங்கே நிற்கத்தான் செய்யும்."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியதில் அவள் தட்டு கீழே விழுந்து உடைந்தது.

5

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மூன்று உறுப்பினர்கள், நடுவில் தலைவர், வெள்ளைத் தாடிக்காரர். கம்பெனிக்காக வந்தவர் ஓர்லா என்ற வக்கீல். கெட்டிக்காரி. நான் அந்தப் பழைய அலுவலகத்தில் இருந்தபோது என் பக்கத்து மேசையில் இருந்தவர். படிவம் யார் எழுதியது என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

முதலில் கம்பெனிப் பதிவைப் போட்டேன். இரண்டாம் சரணம் முடிந்ததும் பாட்டு நின்றது. வாத்தியமும் நின்றது. அறையில் அமைதி. ஓர் உறுப்பினர் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார். எட்டு எண்ணுகிற நேரம் போய் மூன்றாம் சரணம் தொடங்கியது.

"இந்த இடைவெளி எதற்கு?" என்று கேட்டேன்.

"கலை நயத்துக்காக இசையமைப்பாளர் வைத்த மௌனம்" என்றார் ஓர்லா.

அதற்குப் பிறகு எங்கள் கோயில் காணொளியைப் போட்டேன். இரண்டாம் சரணம் முடிகிறது. ஆசீர் அண்ணன் கையைத் தூக்குகிறார். குழு நிற்கிறது. இரண்டு பேர் ஈரத்துணியைப் பிடித்து அண்டாவின் மூடியை நகர்த்துகிறார்கள். டங்கென்று பித்தளைச் சத்தம். ஆவி மேலே கிளம்புகிறது. ஐயர் "ஆமென்" என்கிறார். மூடியைத் தரையில் சாய்த்து வைக்கிறார்கள். ஆசீர் அண்ணன் கையை இறக்குகிறார். மூன்றாம் சரணம். எண்ணிப் பாருங்கள் என்றேன். எட்டு.

"கம்பெனியின் ஸ்டூடியோவில் அண்டா இருந்ததா என்று என் தோழியைக் கேட்க விரும்புகிறேன்" என்றேன்.

தலைவர் தாடிக்குள் சிரித்தார். ஓர்லா சிரிக்கவில்லை. அவர் விடுகிறவரும் இல்லை. "சரி, கம்பெனி இந்தக் காணொளியைக் கேட்டிருக்கலாம். அதனால் பாட்டு கோயிலுடையது ஆகிவிடுமா? பதிவேற்றியவரையே கேளுங்கள்" என்றார்.

கிருபைபுரத்திலிருந்து ஆசீர் அண்ணன் திரையில் வந்தார். வெள்ளைச் சட்டை, வகிடு எடுத்த தலை. பக்கத்தில் மன்றம் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர், சென்னைக்காரர். அண்ணன் பேச ஆரம்பித்ததுமே அவருக்கு வியர்த்துவிட்டது.

"இந்தப் பாட்டு உங்களுடையதா?" என்றார் ஓர்லா.

"எங்களுது இல்லங்க" என்றார் அண்ணன், தயங்காமல்.

ஓர்லா கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் மட்டும் விடாமல் கேட்டார்: "உங்களுடையது இல்லை என்றால் யாருடையது, ஐயா?"

"ஐயா, அசனத்துக்கு வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டாருவாவ. அண்டாவுல போட்ட பொறவு எது யாரு வீட்டு அரிசின்னு எவனாலயும் சொல்ல முடியாது. ஒண்ணும் கொண்டு வராதவனும் இலையப் போட்டு உக்காரலாம், வயிறு நெறையத் தின்னலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. ஆனா அண்டாவோட தூக்கிட்டு வீட்டுக்குப் போவ முடியாதுல்லா?"

மொழிபெயர்ப்பாளர் "பொறவு"க்கு ஒரு தடவை முழித்தார். "அப்புறம்" என்று நான் எடுத்துக்கொடுத்தேன். மீதியை அவர் அருமையாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் தலைவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"இந்தப் பதிலுக்குப் படிவத்தில் ஏன் இடம் இல்லை?" என்று தளத்தின் சார்பில் வந்தவரைப் பார்த்துக் கேட்டார். அவர் காகிதங்களைப் புரட்டினார். ஓர்லா என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அது அவர் பெருந்தன்மை. நான் எழுந்து நின்றேன்.

"அந்தப் படிவத்தை எழுதியவள் நான். உரிமையாளர் இல்லாத படைப்பு இருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். அது என் தப்பு. ஒரு நேர்மையான மனிதர் உள்ளதைச் சொல்ல வழியில்லாமல், மூன்று தடவை திருடர் பட்டம் வாங்கியிருக்கிறார். அந்த நட்சத்திரக் குறியை எடுக்கச் சொல்லி நானே கேட்கிறேன்."

பத்து வருஷத்தில் அதைவிட நன்றாக நான் எங்கும் பேசியதில்லை, அடித்துச் சொல்கிறேன்.

6

தீர்ப்பு போன வெள்ளிக்கிழமை வந்தது. பதினோரு பக்கம். நாலு தடவை படித்துவிட்டேன். கம்பெனி பதிந்த உரிமை செல்லாது. பாட்டு பொதுச்சொத்து. மூன்று களவுக் குறிப்புகளும் ஆரம்பத்திலிருந்தே இல்லாதவை. அதோடு, படிவத்தில் நாலாவதாக ஒரு வாய்ப்பைச் சேர்க்க வேண்டும்: இதற்குத் தனி உரிமையாளர் இல்லை, இது எல்லோருக்கும் உரியது. ஆசீர் அண்ணனுக்கு மட்டும் இல்லை, அந்தத் தளத்தில் பாடுகிற, வாசிக்கிற, கதை சொல்கிற எல்லா நாட்டு மனிதர்களுக்கும். அதன் வாசகத்தை எழுதித் தரச் சொல்லித் தளத்துக்காரர்கள் என்னையே கேட்டிருக்கிறார்கள். எழுதிவிட்டேன். இந்தத் தடவை நட்சத்திரம் கிடையாது.

ஓர்லா கைகொடுத்தார். "அண்டாவை நான் எதிர்பார்க்கவே இல்லை" என்றார். எஸ்தர் வீட்டுக்கு வந்ததும் அந்தக் காணொளியைத் தானே போட்டுப் பார்த்தாள். மூடி திறக்கிற இடத்தில் விரலை மடக்கி எட்டு எண்ணினாள், தமிழில். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் கொஞ்சம் தடுமாறினாள். நான் திருத்தவில்லை. அடுக்களையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஆசீர் அண்ணனைக் கூப்பிட்டேன். அம்பை பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படுகிற நேரம். எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, ஜெயிச்சாச்சு! களவு இல்லன்னு எழுதித் தந்துட்டாங்க. மூணையும் அழிச்சாச்சு."

அவர் வண்டிக்குள் திரும்பிப் பேசுவது கேட்டது. "டிரைவர் அண்ணே, ரெண்டு நிமிசம் பொறுங்க. பாட்டுக் கேசு ஜெயிச்சிட்டு!" வண்டிக்குள் யாரோ கை தட்டினார்கள். இன்னும் யார் யாரோ தட்டினார்கள். என்ன கேஸ் என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. "நல்லா இருப்பே பிள்ள, நல்லா இருப்பே" என்றார் அவர்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பாட நிப்பியள்ளா?"

"நிக்காம? முன் வரிசையிலதான் நிப்பேன். ஆமா, அந்தக் கம்பெனிக்காரவிய இனிமே இத பாடக்கூடாதுன்னு சொல்லிட்டாவளா?"

"இல்ல அண்ணே. அவங்களும் பாடலாம். யாரும் பாடலாம். என்னுதுன்னு மட்டும் சொல்லக்கூடாது."

"அதான் நியாயம். பாடட்டும். அவியளுக்குப் பாடுன அந்தப் பிள்ளைக்கி தங்கமான குரலு பிள்ள, நான் பத்து தடவ கேட்டுட்டேன். ரெண்டாம் சரணத்துலதான் சுருதி கொஞ்சம் எறங்குது. ஒரு சனிக்கெழம பிராக்டிசுக்கு வரச் சொல்லு, நம்ம குழுவோட நிறுத்திச் சரிபண்ணிருவோம்."